இளங்குதிரையும் ஓடை நீரும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சென்ற ஆண்டு இதே மேடையில் யாம் சரக்கு வண்டிகளின் கணக்கு முறை குறித்துப் பேசினோம். முன்வரிசையிலேயே சிலர் கண்ணயர்ந்ததை யாம் கவனிக்கத் தவறவில்லை. அதனாலோ என்னவோ, இவ்வாண்டு செயலாளர் எம்மிடம் வந்து, “அலுவலகத்தை விட்டு வெளியே வந்து பேசுங்கள், உங்களுக்குக் குதிரை தெரியுமாமே, அதைப் பேசுங்கள்” என்று ஆணையிட்டார். குதிரை எமக்குத் தெரியும் என்பது பாதி உண்மை. எம் தந்தையாருக்குத் தெரியும் என்பதே முழு உண்மை. அவர் திருப்பதிப் புகைவண்டி நிலைய வாயிலில் ஜட்கா ஓட்டியவர் என்பது இங்குள்ள மூத்தோர் சிலருக்கு நினைவிருக்கலாம்.

திருப்பதியில் வாழும் நமக்குக் குதிரை புதிதன்று. பிரம்மோற்சவத்தின் எட்டாம் நாள் இரவில் மலையப்ப சுவாமி குதிரை வாகனத்தில் எழுந்தருள்வதை நம்மில் சேவிக்காதவர் இரார். வாகனத்தின் குதிரையைப் பார்த்தவர்கள், ஊர்வலத்துக்கு முன்னே நடக்கும் உயிருள்ள குதிரைகளையும் சற்று உற்று நோக்கியிருப்பீர்களா? மேளம் முழங்குகிறது, தீவட்டி எரிகிறது, பல்லாயிரம் பேர் ஒரே குரலில் கோவிந்தா என்கிறார்கள். அவை தலையசைத்து நடக்கின்றன. இயல்பிலே குதிரையைப் போல அச்சம் மிகுந்த பிராணி குறைவு. புல்வெளியில் பிறரால் உண்ணப்படும் பிராணியாக வாழ்ந்து வளர்ந்த இனம் அது. சந்தேகம் வந்தால் முதலில் ஓடிவிட்டுப் பின்னர்தான் திரும்பிப் பார்க்கும். அத்தகைய பிராணி தீவட்டிக்கு நடுவே அமைதியாக நடக்கிறது என்றால், யாரோ ஒருவர் பொறுமையாக அதற்கு முதற்பாடம் சொல்லித் தந்திருக்கிறார் என்று பொருள். அந்த முதற்பாடத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

அதனை எம் வீட்டில் தவறாகச் சொல்லித் தந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறோம்.

1995-ஆம் ஆண்டு ஆடி மாதம் எம் தந்தையார் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குச் சென்று, கடன் வாங்கிய பணத்தில் ஓர் இளங்குதிரை வாங்கி வந்தார். செவலை நிறம். வயது நான்கு நிறையவில்லை. பழைய கிழக்குதிரையோடு பழக்கி, மூன்று மாதத்தில் வண்டியில் பூட்டினார். நகரச் சாலையில் அது நன்றாகவே நடந்தது. ஐப்பசி அடைமழை விட்ட ஒரு நாள், தொண்டவாடா அகத்தீசுவரர் கோயிலுக்குச் செல்ல ஒரு குடும்பம் வண்டி பேசியது. மாலைப் புகைவண்டியைப் பிடிக்க வேண்டியவர்கள், அவசரம். போகும் வழியில் ஒரு தரைப்பாலத்தின்மேல் முழங்காலளவுக்கும் குறைவாக நீர் ஓடிக்கொண்டிருந்தது. செவலை நின்றுவிட்டது. மூக்கை நீட்டி முகர்ந்தது, பின்வாங்கியது. யாம் வண்டியின் பின்படியில் அமர்ந்திருந்தோம். அப்போது பத்தாம் வகுப்பு மாணவர். தந்தையார் முதலில் நாவால் சொடுக்கினார், பிறகு அதட்டினார், பிறகு சவுக்கை எடுத்தார். நான்காவது அடியில் அது இருகாலில் எழும்பி முன்னே பாய்ந்தது. ஒரு சக்கரம் பாலத்தின் விளிம்பை விட்டு இறங்கிற்று, ஏர்க்கால் முறிந்தது. உயிர்ச்சேதம் ஏதுமில்லை, அது ஆண்டவன் அருள். குதிரைக்கு முழங்காலில் சிராய்ப்பு. அது பத்து நாளில் ஆறிவிட்டது.

ஆறாதது வேறொன்று. அன்று முதல் செவலை தேங்கிய நீரைக் கண்டால் நின்றது. சாலையில் மழை பெய்து தார் மினுங்கினாலும் நின்றது. கார்த்திகை மாதம் முழுவதும் வண்டி வீட்டிலேயே நின்றது. தை மாதம் பாதி விலைக்கு அதை விற்றார். கடன் நின்றது, வண்டி போயிற்று. யாம் பத்தாம் வகுப்புத் தேறியதோடு படிப்பும் நின்றது. இதை மனக்குறையாகச் சொல்லவில்லை. பின்னர் இரயில்வே எம்மைத் தாங்கிக்கொண்டது. ஆனால் அந்த நான்கு சவுக்கடிக்கு என்ன விலை என்று கணக்கர் என்ற முறையில் யாம் அவ்வப்போது கூட்டிப் பார்ப்பதுண்டு.

இனி, அதே ஓடை நீரைக் கடக்கும் கலையை உலகம் எவ்வளவு உயரத்துக்குக் கொண்டு சென்றிருக்கிறது என்று பாருங்கள். ‘ஈவென்டிங்’ என்றொரு குதிரைப் போட்டி உண்டு. நாம் முப்பிரிவுப் போட்டி எனலாம். படைக்குதிரைகளின் தகுதியைச் சோதிக்க ஏற்பட்டது. 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது. முதற்பிரிவில் குதிரை மைதானத்துக்குள் அடக்கமாகவும் அழகாகவும் நடை காட்ட வேண்டும். இரண்டாவது, திறந்த வெளியில் மரக்கட்டை, பள்ளம், மேடு, நீர்நிலை ஆகியவற்றைப் பாய்ச்சலில் கடக்க வேண்டும். மூன்றாவதில் மீண்டும் மைதானத்துக்குள் வந்து, தட்டினால் விழுந்துவிடும் கழிகளைத் தாண்ட வேண்டும். நடுவிலுள்ள வெளித்தாண்டலே இதன் உயிர்நிலை. அங்குள்ள தடைகள் கனமானவை. கழியைப் போல எளிதில் விழுந்து வழிவிடா. குதிரை மறுத்து நின்றால் முதன்முறை 20 புள்ளி தண்டம். அதே தடையில் மறுபடி மறுத்தால் மேலும் 40.

இதில் யாம் மிகவும் வியந்தது ஒன்று. போட்டிக்கு முன்பே வீரர் அந்தப் பாதை முழுவதையும் கால்நடையாகச் சுற்றி ஒவ்வொரு தடையையும் பார்த்துவிடுகிறார். குதிரைக்கு அந்த வாய்ப்பு இல்லை. அது ஓடும்போதுதான் ஒவ்வொன்றையும் முதன்முறையாகக் காண்கிறது. மேலும் அதன் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்தவை. பக்கவாட்டிலும் பின்புறமும் வெகுவாகத் தெரியும். நெற்றிக்கு நேரே மூக்கருகில் உள்ளது தெரியாது. தாண்ட எழும்பும் கடைசிக் கணத்தில் தடை அதன் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது. நீரின் ஆழமோ அதற்குப் புலப்படுவதில்லை. காணாத ஒன்றை நோக்கி அது பாய்வது மேலே அமர்ந்திருப்பவனை நம்பித்தான். (நிறங்களிலும் அதற்கு நீலமும் மஞ்சளும்தான் நன்கு தெரியும், சிவப்பும் பச்சையும் பிரித்தறிவது கடினம். ஆகவே நம் இரயில்வேயின் கண் பரிசோதனையில் குதிரை தேறாது என்பதை இங்குள்ள ஓட்டுநர் நண்பர்கள் குறித்துக்கொள்க.)

நம் நாட்டார் இக்கலையில் பின்தங்கியவர் அல்லர். 1982-இல் தில்லி ஆசிய விளையாட்டில் குதிரையேற்றம் முதன்முறை சேர்க்கப்பட்டபோது, இப்போட்டியில் தனிநபர் தங்கத்தை ரகுபீர் சிங் வென்றார். குழுத் தங்கமும் நமக்கே. பின்னர் நெடுங்காலம் தனிநபர் பதக்கம் வாய்க்கவில்லை. 2018-இல் ஜகார்த்தாவில் பெங்களூரைச் சேர்ந்த ஃபவாத் மிர்சா தனிநபர் வெள்ளி வென்றார். குழுவுக்கும் வெள்ளி கிடைத்தது. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் இறுதிச் சுற்றை எட்டி 23-ஆம் இடம் பெற்றார். செய்தித்தாளில் பதக்கமில்லை என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். வெளித்தாண்டலில் அவருடைய குதிரை ஒரு தடையைக்கூட மறுக்கவில்லை, காலத்தாமதத்துக்கு மட்டுமே புள்ளி போயிற்று என்பதைப் படித்தபோது, எமக்குத் தொண்டவாடா வழியிலிருந்த தரைப்பாலம் கண்முன் வந்தது.

அத்தகைய குதிரையை எவ்வாறு தொடங்குகிறார்கள்? எம் தங்கையின் மகன் இராணுவத்தின் குதிரைப் பிரிவில் சேர்ந்து, வடக்கே ஒரு பயிற்சி நிலையத்தில் இருக்கிறான். ஞாயிறுதோறும் தொலைபேசியில் அவன் சொல்லக் கேட்டதும், யாம் படித்ததும் சேர்த்துச் சொல்கிறோம்.

முதலில் வயது. குதிரையின் முதுகெலும்பு முற்றுவதற்கு ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆகின்றன. காலெலும்பு அதற்கு முன்பே முற்றிவிடுவதால் பார்வைக்குப் பெரிய குதிரைபோலத் தோன்றி ஏமாற்றும். இளங்குதிரைகளுக்கென்று பிரான்சில் லியோன் தாஞ்சே என்னுமிடத்தில் நடக்கும் உலகப் போட்டியிலேயே ஆறு வயதுக்கும் ஏழு வயதுக்கும்தான் பிரிவுகள் உண்டு. எம் செவலைக்கு நான்கு நிறையவில்லை என்று முன்னரே சொன்னோம்.

அடுத்து, தாண்டல் என்பதே தாண்டலில் தொடங்குவதில்லை. தரையில் ஒரு கழியைக் கிடத்தி அதன்மேல் நடத்துகிறார்கள். பின்பு நாலரை அடி இடைவெளியில் மூன்று நான்கு கழிகள். அவற்றின்மேல் துள்ளு நடை. தன் கால் எங்கே விழுகிறது என்று குதிரை தானே எண்ணக் கற்கிறது. அதற்குப் பிறகே ஓரடி உயரமுள்ள ஒரு மரக்கட்டை. அதுவும், வயது முதிர்ந்த, எதற்கும் கலங்காத ஒரு குதிரையை முன்னே விட்டு, இளையதைப் பின்னே வரச் செய்கிறார்கள். முன்னது போவதைக் கண்டு பின்னது போகிறது. நம் காலனிக் குழந்தைகள் பம்பரம் கற்பதும் அவ்வாறே அல்லவா?

மேலே இருப்பவனுக்கும் பாடம் உண்டு. அவன் முன்சாய்ந்து, குதிரை கழுத்தை நீட்டும்போது கையைத் தளர்த்திக் கொடுக்க வேண்டும். அதன் வாயில் இரும்பு இருக்கிறது. தாண்டும் நேரத்தில் கடிவாளம் சுண்டினால், தாண்டினால் வாய் வலிக்கும் என்றே அது கற்றுக்கொள்ளும். ஆகையால் புதியவர்கள் குதிரையின் கழுத்தில் ஒரு வாரைக் கட்டி அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். முற்காலத்தில் குதிரைப்படை வீரர்கள் தாண்டும்போது பின்சாய்ந்து கடிவாளத்தை இழுத்தே அமர்வார்களாம். அதை மாற்றி முன்சாய்ந்து அமரும் முறையைக் கற்பித்தவர் காப்ரில்லி என்னும் இத்தாலியப் படை அதிகாரி. 1907-இல் நாற்பது வயதுக்குள்ளேயே காலமானார். இன்று உலகம் முழுவதும் அவர் வழியில்தான் அமர்கிறது.

நீருக்கு வருவோம். தரை உறுதியான, குளம்பு மட்டுமே நனையும் இடத்தைத் தேர்ந்துகொள்கிறார்கள். மூத்த குதிரை உள்ளே சென்று நிற்கும். இளையது கரையில் நிற்கும். முகரட்டும், காலால் தட்டட்டும், தலையை ஆட்டட்டும். திரும்பி ஓட மட்டும் விடுவதில்லை, அடிப்பதுமில்லை. ஒரு குளம்பை வைத்தால் போதும், கழுத்தில் தட்டிக் கொடுக்கிறார்கள். சில குதிரைக்கு ஐந்து நிமிடம். சிலவற்றுக்கு ஐந்து நாள். அது களைத்துச் சலிப்பதற்கு முன்பே பாடத்தை முடிக்கிறார்கள்.

இதெல்லாம் இக்காலத்து வெள்ளையர் கண்டுபிடிப்பு என்று எண்ணிவிட வேண்டாம். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க நாட்டில் செனபோன் என்னும் படைத்தலைவர் குதிரை வளர்ப்பைப் பற்றி ஒரு நூல் எழுதிவைத்திருக்கிறார். கோபத்தோடு குதிரையிடம் செல்லாதே என்கிறார். அது ஒரு பொருளைக் கண்டு அஞ்சினால், நீயே அதைத் தொட்டுக் காட்டி மெல்ல அருகே அழைத்துச் செல் என்கிறார். அடித்து ஓட்டினால், அடியின் வலியை அந்தப் பொருள்தான் தந்தது என்று குதிரை கருதிவிடும் என்று காரணமும் கூறுகிறார். இதைப் படித்த இரவு யாம் வெகுநேரம் உறங்கவில்லை. செவலைக்குத் தந்தையார்மேல் கோபமே வந்ததில்லை. அவர் கையால்தான் கடைசிவரை கொள்ளு தின்றது. அது நீரைத்தான் வெறுத்தது. அந்த மர்மம் எமக்கு இருபது ஆண்டுகளுக்குப் பின்னர்தான் விளங்கிற்று.

தந்தையாரிடம் இதைச் சொல்வதா வேண்டாவா என்று யோசித்தோம். அவருக்கு இப்போது எழுபத்தைந்து கடந்துவிட்டது. அவர் மீண்டும் குதிரை வாங்கவில்லை, செவலையின் பேச்சை எடுத்ததுமில்லை. கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகன் தொலைபேசியில் அழைத்தபோது அவர் அருகில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். ஒலியைப் பெரிதாக்கி வைத்தோம். “மாமா, இன்று என் குதிரையை முதன்முறை ஓடைக்கு அழைத்துப் போனேன்” என்றான். ஐந்து வயதுக் குதிரையாம், அதுவும் செந்நிறமாம். காலை முழுவதும் கரையில் நின்றானாம். அது நீரை முகர்ந்ததாம், ஒருமுறை காலால் தட்டியதாம், உள்ளே இறங்கவில்லையாம். மேலதிகாரி, “போதும், நாளை பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டாராம். இறங்கி, கையில் பிடித்து நடத்தியே லாயத்துக்குத் திரும்பினானாம்.

“அடிக்கவில்லையா?” என்று தந்தையார் கட்டிலிலிருந்தே கேட்டார்.

“இல்லை தாத்தா. இங்கே அடித்தால் என்னைத்தான் அனுப்பிவிடுவார்கள்.”

அவர் எழுந்து உட்கார்ந்தார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எம்மை நோக்கி, “திரும்பி வந்ததும் அதற்குக் கொள்ளு வைத்தானா, கேளப்பா” என்றார்.