அளவு எங்க கையில இல்லீங்க!

(பட்டிமன்றத் தலைப்பு: ‘நம் உடல்நலத்தைப் பெரிதும் கெடுப்பது பாக்கெட் உணவா? நம் கட்டுப்பாடின்மையா?’ – ‘பாக்கெட் உணவே’ என்னும் அணியில் பேசியது)

‘தப்பெல்லாம் நாக்கு மேலதான்’ என்று அடித்துப் பேசிவிட்டு இப்போது நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக் கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே, (சிரிப்பு) அரங்கம் நிறைய அமர்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே, வீட்டிலே தொலைக்காட்சிக்கு முன்னால் கையில் ஒரு சிப்ஸ் பாக்கெட்டோடு உட்கார்ந்திருக்கிற என் அன்பான நேயர்களே! (பலத்த சிரிப்பு)

ஐயா, நான் புதுச்சேரி நெல்லித்தோப்பிலிருந்து வந்திருக்கிறேன். ஊர்ப் பேரிலேயே நெல்லி இருக்கு. நீண்ட நாள் வாழட்டும் என்று அதியமான் ஔவைக்குக் கொடுத்தானே, அந்த நெல்லி! ஆனால் இன்றைக்கு எங்கள் தெருப் பெட்டிக்கடைக்கு வந்து பாருங்க. வாசல்ல சரம் சரமாத் தொங்குது. நெல்லிக்காய் இல்லீங்க, 5 ரூபாய் பாக்கெட்! கல்யாண வீட்டுத் தோரணம் மாதிரி.

நடுவர்: தோரணம் கட்டினா யாரையோ வரவேற்கிறாங்கன்னு அர்த்தமாச்சே. யாரும்மா வர்றாங்க?

சர்க்கரை வியாதிதான் ஐயா வருது! (கைதட்டல்)

சிரிக்கிறதுக்காகச் சொல்லலீங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுக்க எடுத்த கணக்கு 2023-ல் வெளிவந்தது. 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் நாட்டின் சராசரிக்கு 100-க்கு 11 பேர். கோவாவில் 26.4. அதற்கு அடுத்த இடம் எங்க புதுச்சேரி, 26.3! நாலு பேர் உட்கார்ந்து பேசினா அதிலே ஒருத்தருக்கு இருக்கு.

நடுவர்: புதுச்சேரின்னா எல்லாருக்கும் வேற பாட்டில்தானேம்மா ஞாபகம் வரும்? (பலத்த சிரிப்பு)

வரும் ஐயா. ஆனா அந்தப் பாட்டிலைத் திறக்கிறவர், இது கெடுதல்னு தெரிஞ்சுதான் திறக்கிறார். நான் பேச வந்தது, சத்துன்னு நம்பிப் பிள்ளைக்குக் கொடுக்கிறோமே, அந்த டப்பாவைப் பத்தி! (கைதட்டல்) 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இணையத்தில் விற்கிற கம்பெனிகளுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. இந்த மால்ட் பானங்களை எல்லாம் ‘ஹெல்த் டிரிங்க்’ என்கிற வரிசையிலிருந்து எடுத்துடுங்கன்னு. ஏன்னா, நம்ம உணவுச் சட்டத்திலே ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒன்றே கிடையாது. இல்லாத ஒரு பேரை நம்பி எத்தனை தாய்மார் வருஷக்கணக்கா கலக்கிக் கொடுத்தோம்!

எதிரணி நண்பர் கேட்டார், ‘அப்பளம், வடகம், கருவாடு, ஊறுகாய் எல்லாம் பதப்படுத்தினதுதானே, அதைத் தின்னுதானே நம்ம பாட்டி வாழ்ந்தாங்க?’ன்னு. நல்ல கேள்வி. பதப்படுத்துறது பாவம்னு நான் சொல்ல வரல. நெல்லிக்காயை உப்பிலே ஊற வைக்கிறதும் பதப்படுத்துறதுதான். பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்குறதும் அதுதான். எங்க ஊர்லயே ஒரு சாட்சி இருக்கு. பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போன நீள ரொட்டி. எங்க தெரு சொல்தா தாத்தா தினம் காலையில அதைக் கக்கத்துல இடுக்கிட்டு வருவார். சாமான் என்ன? மாவு, தண்ணி, உப்பு, ஈஸ்ட். நாலே நாலு. காலையில மொறுமொறுன்னு இருக்கும், மறுநாள் எடுத்தா திருடனை அடிக்கலாம். (சிரிப்பு) இப்போ பாக்கெட்ல வர்ற துண்டு போட்ட ரொட்டியைப் பாருங்க. நாலு நாள் கழிச்சும் பஞ்சு மெத்தை மாதிரி இருக்கு. தாத்தா ரொட்டியில இல்லாத ஏதோ ஒண்ணு இதுல இருக்குன்னு தெரியுதா இல்லையா?

இதைத்தான் பிரேசில் நாட்டுப் பேராசிரியர் கார்லோஸ் மான்டெய்ரோ 2009-ல் பிரித்துக் காட்டினார். உணவிலே என்ன சத்து இருக்குன்னு மட்டும் பார்க்காதே, அதை என்ன பாடு படுத்தியிருக்காங்கன்னும் பாருன்னார். சமைக்கிறது ஒரு ரகம், உப்புப் போட்டுப் பாதுகாக்கிறது ஒரு ரகம். கடைசி ரகம் ஒண்ணு இருக்கு. தானியத்தைப் பிரிச்சு, மாவுச்சத்தைத் தனியா, எண்ணெயைத் தனியா உருவி, மணம், நிறம், இனிப்பு, கெட்டியாக்கும் பொருள் எல்லாம் சேர்த்துத் திரும்ப ஒட்ட வைக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ரொம்பப் படிக்க வேண்டாம். பாக்கெட்டைத் திருப்பிப் படிங்க. அதிலே இருக்கிற பேர்ல எத்தனை உங்க அஞ்சறைப் பெட்டியிலும் அலமாரியிலும் இருக்குன்னு எண்ணிப் பாருங்க. அவ்வளவுதான்.

இப்போ எதிரணியோட பெரிய ஆயுதத்துக்கு வருவோம். ‘அளவோட சாப்பிடு, ஒண்ணும் ஆகாது. வள்ளுவரே சொல்லியிருக்கார்!’ வள்ளுவர் சொன்னார்தான். மருந்துன்னு ஓர் அதிகாரம் எழுதிட்டு, அதிலே பாதிக்கு மேல சாப்பாட்டைப் பத்தியே பேசினார். முன்னாடி தின்னது செரிச்சுதான்னு பார், பசி நல்லா எடுத்துதான்னு பார், அப்புறம் அளவறிந்து சாப்பிடுன்னார். அதாவது ஐயா, ‘போதும்’னு உள்ளேயிருந்து ஒரு குரல் வரும், அதைக் கேள்னு சொன்னார். நான் கேட்கிறேன், அந்தக் குரலையே அமுக்கிட்டா?

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்கிற ஆராய்ச்சியாளர் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார். 2019-ல் வெளிவந்தது. 20 பேரை அங்கேயே தங்க வைத்தார்கள். 2 வாரம் முழுக்க அந்தக் கடைசி ரகச் சாப்பாடு, 2 வாரம் சாதாரணமாகச் சமைத்த சாப்பாடு. முன்னால் வைத்த தட்டிலே ரெண்டுக்கும் ஒரே கலோரி, ஒரே அளவு சர்க்கரை, உப்பு, கொழுப்பு, நார்ச்சத்து. ‘எவ்வளவு வேணுமோ சாப்பிடுங்க, வேண்டாம்னா வெச்சிடுங்க’ன்னு சொல்லிட்டாங்க. என்ன ஆச்சு? அந்த ரகம் சாப்பிட்ட நாட்களிலே தினம் சுமார் 500 கலோரி கூடுதலா உள்ளே போயிருக்கு. ஒரு வேளைச் சாப்பாடே கூட! ரெண்டே வாரத்தில் 900 கிராம் எடை ஏறியது. அதே ஆளுங்கதான், மத்த ரெண்டு வாரத்துல 900 கிராம் இறங்கினாங்க.

எதிரணி நண்பர்களே, பதில் சொல்லுங்க! அந்த 20 பேரும் 2 வாரம் கட்டுப்பாடு இல்லாதவங்களா இருந்து, அடுத்த 2 வாரம் திடீர்னு முனிவர் ஆயிட்டாங்களா? (பலத்த கைதட்டல்) ஆள் மாறல, சாப்பாடுதான் மாறிச்சு. மெல்ல வேண்டியதில்ல, வாயில போட்டதும் கரையுது, வேகமா உள்ளே போகுது. ‘போதும்’னு வயிறு சொல்றதுக்குள்ள பாக்கெட் காலி!

ஐயா, அடுத்துச் சொல்றது என் வீட்டுக் கதை. மாமியார் கதைன்னதும் சிரிக்கத் தயாராகாதீங்க. (சிரிப்பு) என் மாமியாருக்குச் சர்க்கரை இருந்தது. நான் வேலைக்குப் போறவ. காலையில சமைச்சு வெச்சுட்டு ஓடிடுவேன். நடுவுல பசிச்சா சாப்பிட, ‘சர்க்கரை சேர்க்காதது’ன்னு பெரிசாப் போட்ட பிஸ்கட் பாக்கெட் வாங்கி அவங்க தலைமாட்டுல வெச்சுடுவேன். நல்ல மருமகள்னு எனக்கே ஒரு பெருமை. அவங்களும் டீயில நனைச்சு, நாளைக்கு ஒரு பாக்கெட். மாத்திரையும் போட்டாங்க. சர்க்கரை இறங்கவே இல்லை. கால்ல ஒரு சின்னப் புண்ணு. ஆறல. கடைசியில ஒரு விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு.

அப்போதான் டாக்டர் தோண்டித் துருவிக் கேட்டார், என்னம்மா சாப்பிடறாங்கன்னு. நான் அந்தப் பாக்கெட்டைக் காட்டினேன். திருப்பிப் பார்த்துட்டு, ‘சர்க்கரை போடலதாம்மா. ஆனா முதல் வரியிலேயே மைதான்னு இருக்கு பாருங்க. அது உள்ளே போய் என்னவா மாறும்?’னார். எனக்குப் பதில் வரல. பிஸ்கட் ஒண்ணுதான் காரணம்னு அவர் சொல்லல. புண்ணை நாங்க லேட்டாத்தான் கவனிச்சோம், அதுவும் உண்மை. ஆனா வீட்டுக்கு வந்ததும் அத்தை என்னைப் பார்த்துச் சொன்னாங்க, ‘நீ அழாதம்மா, நீயும் நம்பித்தானே வாங்கின’ன்னு.

எதிரணி சொல்லட்டும் ஐயா, இதிலே யாருக்குக் கட்டுப்பாடு இல்லை? சர்க்கரையே தொடாத என் மாமியாருக்கா? (கைதட்டல்)

இன்னொண்ணு. 2024 பிப்ரவரியில் புதுச்சேரியிலே பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது ஞாபகம் இருக்கும். துணிக்குப் போடுற ரோடமின்-பி சாயம் அதிலே இருந்தது. துணைநிலை ஆளுநராக இருந்த டாக்டர் தமிழிசை சௌந்தரராஜன் அறிவித்தார். அடுத்த சில நாளிலேயே தமிழ்நாடும் தடை போட்டது. சரியான காரியம். ஆனால் கடற்கரையில குச்சியைத் தூக்கிட்டு நடந்த ஏழைப் பையனைப் பிடிச்சது சுலபம். அவன் விஷம் ரோஸ் கலர்ல கண்ணுக்குத் தெரிஞ்சது. லைசென்ஸ் வாங்கி, நடிகர் நடிகையை வெச்சு விளம்பரம் போட்டு, வெள்ளை வெளேர்னு உள்ளே வர்றது ஒரே நாள்ல விஷம் ஆகறதில்ல. பத்து வருஷம் காத்திருந்து வாங்குது!

‘உழைக்கிற பொம்பளைக்கு நேரம் ஏது?’ன்னு கேட்டீங்க. என்னைக் கேளுங்க, நேரமே இல்லை. அதனால அரைச்சு அரைச்சுச் சாகணும்னு எந்தத் தாய்க்கும் நான் உபதேசம் செய்ய வரல. வாழைப்பழம் உரிக்க எவ்வளவு நேரம்? வேர்க்கடலை வேக வைக்கும்போது பக்கத்துல நிக்கணுமா? வீட்டு ஆம்பளைங்க கொண்டைக்கடலையை ராத்திரி தண்ணியில போட்டாக் கை தேஞ்சுடுமா? (பலத்த கைதட்டல்)

வாங்கித்தான் ஆகணும்னா திருப்பிப் படிங்க. எது அதிகமோ அதைத்தான் முதல்ல எழுதணும்னு சட்டம். 300 மில்லி கூல் டிரிங்க்ல 30 கிராமுக்கு மேல சர்க்கரை. ஒரு பெரியவருக்கே நாள் முழுக்க 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஒரே பாட்டில்ல ஒரு நாள் கணக்கு முடிஞ்சுது! சிலி நாட்டிலே 2016 முதல், சர்க்கரையோ உப்போ கொழுப்போ மிஞ்சிப் போனா முகப்பிலேயே கருப்பு எண்கோண முத்திரை குத்தணும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் புரியும். எங்க அத்தை பாக்கெட்டுல அப்படி ஒரு முத்திரை இருந்திருந்தா, என் கை அதை எடுத்திருக்குமா ஐயா?

கட்டுப்பாடு வேணும், மறுக்கல. அரிசிச் சோத்தைக் குவிக்கிறோம், நடக்கிறதில்ல, அதுவும் தப்புதான். ஆனா ‘போதும்’னு சொல்ல விடாத ஒரு பொருளைக் கையில கொடுத்துட்டு, ‘நீ ஏன் நிறுத்தல?’ன்னு குழந்தையைக் கேட்கிறது நியாயமா?

நெல்லிக்காய் கடிக்கும்போது துவர்க்கும். தண்ணி குடிச்சா இனிக்கும். இந்தப் பாக்கெட் நேர்மாறு. முதல்ல இனிக்கும், துவர்ப்பு பின்னால வரும். அந்தத் துவர்ப்பை எங்க வீட்டிலே பார்த்துட்டோம். உங்க வீட்டுக்கு அது வர வேண்டாம். ஆகவே நடுவர் அவர்களே, நம் உடல்நலத்தைப் பெரிதும் கெடுப்பது பாக்கெட் உணவே என்ற நல்ல தீர்ப்பை வழங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

(பலத்த கைதட்டல்)