மருந்து ஒன்று, தருணம் வேறு

(பஞ்சாயத்து அங்கத்தினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் நிகழ்த்திய உரை)



நான் வைத்தியனல்லன். ஆயினும், 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில், கொரோனாவின் இரண்டாம் அலை வீசியபோது என்னைக் காண வந்த பஞ்சாயத்து அங்கத்தினர் ஒருவரை என்னால் மறக்க இயலவில்லை. ஆஸ்பத்திரியில் பிழைத்து வந்த தம் மாமனாரின் மருந்துச் சீட்டை அவர் பத்திரமாக மடித்து வைத்திருந்தார். அதில் கண்ட ஸ்டீராய்டு மாத்திரையையே, காய்ச்சல் கண்ட முதல் நாள் தொட்டுத் தம் தமையனாருக்கும் கொடுத்து வருவதாகச் சொன்னார். "ஊரார் கேட்டால் இதைப் படியெடுத்துக் கொடுக்கலாமல்லவா, ஐயா?" என்றார். நல்லெண்ணத்தோடு கேட்ட கேள்வி. அன்று எனக்கு விடை தெரியவில்லை. வைத்தியரைக் கேட்கும்படி சொல்லி அனுப்பிவிட்டேன். பின்னர் படித்தும் கேட்டும் அறிந்ததை இன்று கூறுகிறேன்.

2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இம்மருந்தைப் பற்றி வைத்தியர்களே இரு கட்சியாயிருந்தனர். நோயை எதிர்க்கும் உடலின் போராட்டமே அளவு கடந்து நுரையீரலைக் கெடுக்கிறது, ஆகவே ஸ்டீராய்டு கொடுத்து அதைத் தணிக்க வேண்டும் என்றனர் ஒரு சாரார். தணித்தால் கிருமிக்கு நாமே மடையைத் திறந்துவிட்டதாகும் என்றனர் மறு சாரார். உலக சுகாதார ஸ்தாபனமும் இதை வழக்கமாகக் கொடுக்க வேண்டாமென்றே அப்போது கூறியது. இது வாதத்தால் தீரும் வழக்கன்று.

இரண்டு விதைகளில் எது சிறந்தது என்றறிய நாம் என்ன செய்கிறோம்? ஒரே நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்து இரண்டையும் விதைத்துப் பார்க்கிறோம். எந்தப் பாத்திக்கு எந்த விதை என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானிக்க வேண்டும் என்ற முறையை, 1920-களில் இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் ஃபிஷர் என்ற அறிஞர் வகுத்தார். வயலில் பிறந்த அம்முறையே பின்னர் வைத்தியத்துக்கும் சென்றது. விவசாயிகளாகிய நாம் இதில் சற்றுப் பெருமை கொள்வதில் தவறில்லை.

2020-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தார் பிரிட்டனின் ஆஸ்பத்திரிகளில் இம்முறையையே கையாண்டனர். டெக்ஸாமெதஸோன் என்னும் மலிவான பழைய ஸ்டீராய்டை 2,104 பேருக்குத் தினம் 6 மில்லிகிராம் வீதம், அதிகபட்சம் 10 நாள் கொடுத்தனர். 4,321 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஜூன் மாதத்தில் முடிவு வெளியாயிற்று. செயற்கைச் சுவாச யந்திரத்தில் இருந்தோரில், மருந்து பெறாத 100 பேரில் சுமார் 41 பேர் 28 நாட்களுக்குள் இறந்தனர். பெற்றவர்களில் சுமார் 29 பேர். பிராணவாயு மட்டும் தேவைப்பட்டோரில் 26 என்பது 23 ஆகக் குறைந்தது. பிராணவாயுவே தேவைப்படாதோர் நிலை என்ன? மருந்து பெறாதோரில் 14 பேரும், பெற்றோரில் ஏறக்குறைய 18 பேரும் இறந்தனர். இக்கடைசி வேற்றுமை தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் அவர்களுக்கு மருந்தால் நன்மையில்லை என்பது திண்ணம்.

மாமனாரைக் காத்த மாத்திரை மூச்சுத் திணறாத தமையனாருக்கு ஏன் ஆகாது என்பதற்கு இதுவே விடை. பயிர் வெளுத்திருந்தால் யூரியா இடுகிறோம். குலைநோய் கண்ட வயலில் அதையே இட்டால் நோய் பரவும்.

அத்தமையனாருக்கு முன்பே சர்க்கரை வியாதி இருந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் கருப்புப் பூஞ்சை நோயால் ஒரு கண்ணை இழந்தார். கட்டுக்கடங்காத சர்க்கரையும், தேவையின்றி உண்ட ஸ்டீராய்டும் அந்நோய்க்கு வழி கோலும் முக்கிய காரணங்கள். 2021 ஜூன் இறுதிக்குள் நம் நாட்டில் 40,000 பேருக்கு மேல் அந்நோய் கண்டது.

பிளாஸ்மாவின் கதையும் சிறிது இப்படியே. நோய் தீர்ந்தவரின் இரத்தநீர் அது. அதைத் தேடி உறவினர் இரவு பகலாக அலைந்தனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 39 ஆஸ்பத்திரிகளில் 464 பேரிடம் பரீட்சித்து, பயனில்லை என்று 2020-லேயே கண்டிருந்தது. சிகிச்சை நெறிமுறையிலிருந்து அது நீக்கப்பட்டதோ 2021 மே மாதத்தில்தான். அத்தாமதம் எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

ஆகவே, இத்தகைய நோய் மீண்டும் வருமாயின், மருந்தின் பெயரைக் கேட்பதற்கு முன் நோயாளியின் இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று கேளுங்கள். மூச்சுத் திணறல் தெரியாமலேயே அளவு இறங்குவதுண்டு. 94-க்குக் கீழே போனால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். எண் நன்றாயிருந்தும் மூச்சு வாங்கினால், எண்ணை நம்பிக் காத்திராதீர்கள். கருத்த மேனியருக்கு இக்கருவி சில வேளை உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். விரல் குளிர்ந்திருந்தாலும், நகத்தில் சாயமோ மருதாணியோ இருந்தாலும் பிழை நேரலாம்.

கருவிகள் இரண்டு கொண்டுவந்திருக்கிறேன். முன்வரிசையிலிருந்து அனுப்புகிறேன். ஒவ்வொருவரும் விரலில் மாட்டி, எண் நிலைக்கும் வரை கையை அசைக்காமல் வைத்திருந்து, கண்ட அளவைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.