உடைந்ததா, முறிந்ததா, அறுந்ததா?



இன்றைய உரைக்கு ஓர் ஆங்கில வினைச்சொல்லை எடுத்துக்கொண்டிருக்கிறேன். 'பிரேக்' என்பது அச்சொல். வாகனத்தை நிறுத்தும் 'பிரேக்' வேறு. அதற்கு ஆங்கிலத்தில் எழுத்தும் வேறு. நான் சொல்வது, 'உடை' என்று நாம் பள்ளியிலே பொருள் படித்த சொல்லை. அந்தப் பொருள் எவ்வளவு தூரம் நமக்குத் துணைவரும் என்பதே கேள்வி.

சிலாபக் கடற்கரையில் கரைசேரும் ஒரு வள்ளத்தை நினைத்துப் பாருங்கள். தண்ணீர்ப் பானை உடைந்துவிட்டது. துடுப்பு முறிந்துவிட்டது. நங்கூரக் கயிறு அறுந்துவிட்டது. இயந்திரம் பழுதாகிவிட்டது. இந்த நான்கையும் ஆங்கிலேயர் 'பிரேக்' என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடலாம். நம் மீனவரோ 'கயிறு உடைந்தது' என்று மறந்தும் சொல்லமாட்டார். நொறுங்கிச் சிதறுவது உடையும். நீண்டு விறைத்து நிற்பது முறியும். நீண்டு துவள்வது அறும். ஆங்கிலம் செயலைப் பார்த்துப் பெயரிடுகிறது. தமிழ், செயலுக்கு உள்ளாகும் பொருளைப் பார்க்கிறது.

இது தமிழுக்கு மட்டும் உரிய சிறப்பா? எக்கோல்ஸ், ஹசன் ஷாடிலி ஆகிய இருவரும் தொகுத்து 1975இல் வெளியான ஆங்கில–இந்தோனேசிய அகராதியைப் புரட்டத் தொடங்கிய பிறகு, அப்படிச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. இந்தோனேசியரும் நம்மைப் போலவே பிரிக்கிறார்கள். பானை உடைந்தால் 'பெச்சாஹ்'. துடுப்பு முறிந்தால் 'பாத்தாஹ்'. கயிறு அறுந்தால் 'பூத்துஸ்'. இயந்திரம் பழுதானால் 'ரூசாக்'. நம் நான்கு சொற்களுக்கு அங்கே நான்கு சொற்கள்!

அது நமக்கு முற்றிலும் அந்நியமான மொழியும் அல்ல. 1928இல் இளைஞர் மாநாடொன்று ஒற்றுமையின் மொழியாக உறுதிசெய்த இந்தோனேசிய மொழிக்கு அடிப்படை மலாய். ஒல்லாந்தர் காலத்தில் அத்தீவுகளிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் நம்மிடையே வாழ்கிறார்கள். 1869இல் கொழும்பிலிருந்து 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையே வெளிவந்தது.

ஆனால் பானையையும் கயிற்றையும் விட்டு மனித மனத்துக்கு வந்தால், இவ்விரு மொழிகளும் வழி பிரிகின்றன. காதலில் தோற்றவனை இந்தோனேசியர் 'பாத்தாஹ் ஹாத்தி' என்பர். 'ஹாத்தி' என்பது ஈரல். அவர்களுக்கு உணர்ச்சியின் இருப்பிடம் அதுவே. அந்த ஈரல் துடுப்பைப் போல முறிகிறது. இதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'மனமுறிவு' என்று எழுதினால் பொருள் கெட்டுவிடும். தமிழில் மனமுடைதல் துயரம், மனமுறிதல் பகை. உடைந்தவன் அழுவான், முறிந்தவன் முகம் கொடுக்கமாட்டான்.

இன்னொன்று இதைவிட வியப்பானது. 'பூத்துஸ் ஆசா' என்றால் நம்பிக்கை அற்றுப்போதல். 'ஆசா' என்பது நம் 'ஆசை'யின் உடன்பிறப்பு. இரண்டும் வடமொழி வழிவந்தவை. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'ஆசை அறுதல்'. நம் திருமூலர் ஆசையை அறுக்கச் சொன்னது விடுதலைக்காக. அதே சொற்சேர்க்கை அங்கே விரக்தியின் பெயர். சொற்கள் உறவாக இருப்பதால் பொருளும் உறவாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

உறவே இல்லாத சொற்கள் ஒரே பொருளில் சந்திப்பதும் உண்டு. ஆங்கிலத்தில் நோன்பையும் 'பிரேக்' செய்கிறார்கள். நம் புத்தளம் மாவட்டத்து முஸ்லிம் மக்கள் நோன்பு 'திறக்கிறார்கள்'. இந்தோனேசியர் 'பூக்கா புவாசா' என்பர். 'பூக்கா' என்றால் திறத்தல். 'புவாசா' நமது உபவாசந்தான். இந்துக்களாகிய நாங்கள் பாறணை செய்து விரதத்தை முடிக்கிறோம். உடைப்பவர் இங்கே எவருமில்லை.

'இதெல்லாம் தமிழாசிரியரின் பொழுதுபோக்கு' என்று சிலர் எண்ணக்கூடும். அப்படியன்று. சட்டத்தை ஒருவன் 'பிரேக்' செய்தால் தமிழில் மீறினான், இந்தோனேசியத்தில் 'மெலாங்கார்'. மாணவர் கட்டுரைகளிலோ 'சட்டத்தை உடைத்தான்' என்ற தொடரை அடிக்கடி காண்கிறேன். கட்டுரையில் வந்தால் சிவப்பு மையோடு போய்விடும். செய்தியில் வந்தால்?

2002ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் திகதி நம் நாட்டில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகியது. அதன் பின் கண்காணிப்புக் குழு பதிவுசெய்த மீறல்கள் ஆயிரக்கணக்கானவை. ஆனால் உடன்படிக்கை முறைப்படி முடிவுக்கு வந்தது 2008 ஜனவரியில்தான். மீறலுக்கும் முறிவுக்கும் இடையே ஏறத்தாழ ஆறு ஆண்டுகள். ஆங்கிலத்தில் இரண்டையுமே 'பிரேக்' என்ற சொல்லைக்கொண்டு சொல்லிவிட முடியும். தமிழாக்குபவர் 'மீறப்பட்டது' என்று எழுதவேண்டிய இடத்தில் 'முறிந்தது' என்று எழுதியிருந்தால், அதைக் கேட்ட தாய் அன்றிரவே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பியிருப்பாள்.

ஆகவே மொழிபெயர்க்கப் புகும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். அகராதி தரும் முதற்பொருளோடு நின்றுவிடாதீர்கள். எது உடைந்தது, எப்படி உடைந்தது, மீண்டும் ஒட்டுமா என்று கேளுங்கள். அறுந்த கயிற்றை முடிச்சுப் போடலாம். பழுதான இயந்திரத்தைத் திருத்தலாம். உடைந்த பானைக்கு வழியில்லை. அந்த வேறுபாட்டை நம் மீனவர் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார். படித்த நாம் அதைத் தொலைத்துவிடலாமா?