அரை நூல் கணக்கு



திரும்பி வந்த குஷன் உறைகளைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம். மாமல்லபுரத்துக் கடை ஒன்றுக்கு நாம் தைத்துக் கொடுத்த பேட்ச் ஒர்க் உறை. கலர் நல்லா இருக்கு, தையலும் உறுதி. ஆனா குஷன் உள்ளே போகலை. பாதிக்கு மேல் மூட்டை கட்டி அனுப்பிவிட்டார்கள். போன கூட்டத்தில் ஒரு குழு இன்னொரு குழுவைக் கைகாட்டிச் சண்டை போட்டதைப் பார்த்து எங்களுக்குத் தூக்கம் வரவில்லை.

ஸ்கேல் வைத்து ஒவ்வொன்றாக அளந்து பார்த்தோம். தப்பு முதலில் எங்களுடையது. அளவு அட்டை என்று பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டிக் கொடுத்தோம். நூறு தடவை பென்சில் ஓடினால் அதன் ஓரம் தேயும் என்று யோசிக்கவில்லை. தையலுக்கு எவ்வளவு துணி பிடிக்கணும் என்றும் அளந்து காட்டவில்லை.

கணக்கைப் பாருங்க. ஒரு அங்குலத்துக்கு 8 நூல், தச்சர் சொல்வாரே அதே நூல்தான். நம் கட்டத்தில் 9 சின்னச் சதுரம். ஒவ்வொன்றும் 1½ அங்குலம் வெட்டி, 2 நூல் பிடித்துத் தைத்தால் கட்டம் 3½ அங்குலம் வரணும். அரை நூல் கூடப் பிடித்துவிட்டால்? ஒரு தையலில் ரெண்டு ஓரம், அதனால் 1 நூல் போச்சு. உறையின் அகலத்துக்கு 5 கட்டம். கட்டத்துக்குள் 10 தையல், கட்டங்களை இணைக்க 4, ஆக 14 தையல். 14 நூல் என்றால் 1¾ அங்குலம்! 15½ வரவேண்டிய அகலம் 13¾-இல் நிற்குது. அதே அகலத்தை மூணே பெரிய துண்டில் தைத்திருந்தால் 2 நூல்தான் குறைந்திருக்கும். அதனால்தான் ஜாக்கெட் நன்றாகத் தைக்கிற அக்காவுக்கும் இது சரியாக வரலை.

கர்நாடகாவில் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி சமூகப் பெண்கள் பழைய புடவைத் துண்டுகளில் கவந்திப் போர்வை தைக்கிறார்கள். கையால், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி. இடம் மிச்சமிருந்தால் இன்னொரு துண்டு வைத்துக்கொள்ளலாம். அழகான வேலை. 2004 சுனாமிக்குப் பிறகு ஆரோவில் பக்கத்து மீனவப் பெண்கள் மிச்சத் துணியில் செய்த சுனாமிகா பொம்மையும் அப்படித்தான், ஒன்று கொஞ்சம் குட்டையாக இருந்தால் அதுவும் ஓர் அழகு. நம் கட்டத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

இனி அட்டை வேண்டாம். துணியை முதலில் அலசி, லேசாகக் கஞ்சி போட்டு, இழை நேராக 1½ அங்குல நாடாவாக வெட்டுங்க. மூணு நாடாவைச் சேர்த்துத் தைத்து அங்கேயே அளக்கணும். 3½ இல்லையென்றால் அப்போதே பிரிச்சிடுங்க. பிரிக்கச் சோம்பல்பட்டால் பின்னால் மொத்தமும் பிரிக்கணும். பிறகு குறுக்கே 1½ அங்குலமாக வெட்டி, கலர் மாற்றி அடுக்கி இணையுங்க. ஒரு வரிசையின் தையலை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் மடித்துவிட்டால் மூலைகள் ஒன்றோடொன்று கச்சிதமாக உட்காரும். இஸ்திரிப் பெட்டியை இழுக்காதீங்க, அழுத்தி எடுங்க. இழுத்தால் துணி கோணும்.

பிரஷர் ஃபுட் ஓரத்தை நம்ப வேண்டாம், மெஷினுக்கு மெஷின் மாறும். ஊசியிலிருந்து 2 நூல் தள்ளி, மருந்துக்கடை பிளாஸ்திரியை நாலைந்து மடிப்பாக மெஷின் பலகையில் ஒட்டுங்க. துணி அந்த வரப்பில் இடித்துக்கொண்டே போகட்டும். கடலோரக் குப்பத்து அக்காமார் எண்ணெய் விட மறக்காதீங்க, உப்புக் காற்றுக்கு ஊசித்தண்டு சீக்கிரம் துருப்பிடிக்கும்.

கூலி விஷயம். திரும்பிய உறைகளுக்குத் தைத்தவர்களே நஷ்டம் ஏற்கணும் என்று சிலர் சொன்னீங்க. எங்களுக்கு அதில் சம்மதமில்லை. அளவு கொடுத்தது நாங்கள். முழுக் கூலியும் கொடுக்கணும், அதைத் தீர்மான நோட்டில் எழுதணும் என்று இன்றைக்கே கேட்கப் போகிறோம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு கட்டம் தைத்து எடுத்து வாங்க. ஸ்கேல் நாங்கள் கொண்டுவருகிறோம்; எங்கள் கட்டத்தை நீங்களே முதலில் அளந்து பாருங்க.