பிள்ளைகள் விளையாடும் கதையும் நாங்கள் சொல்லாத கதையும்

(சங்கத்தின் பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பிள்ளைகளும் கொம்பியூட்டர் விளையாட்டும்" என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். ரீச்சர் இண்டைக்கு நல்ல பேச்சுத் தரப்போறா எண்டு பிள்ளைகள் பயந்திருப்பார்கள், பெற்றோர் சந்தோசப்பட்டிருப்பார்கள். கண் கெடும், படிப்புக் கெடும் என்பதெல்லாம் நீங்கள் வீட்டில் தினமும் சொல்லுவதுதான். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. எங்கள் தமிழ் வகுப்பின் இடைவேளையில் வளர்ந்த பிள்ளைகள் வாய் ஓயாமல் கதைக்கும் ஒரு விளையாட்டைப் பற்றி மட்டும் சொல்லுகிறேன்.

அதன் பெயர் எல்டர் ஸ்குரோல்ஸ். அமெரிக்காவில் மேரிலண்ட் மாநிலத்தைச் சேர்ந்த பெதெஸ்டா நிறுவனம் 1994ல் இதன் முதற் பாகத்தை வெளியிட்டது. பிறகு 2002ல் மொரோவின்ட், 2006ல் ஒப்ளிவியன், 2011 நவம்பரில் ஸ்கைரிம் என்று தொடர்ந்து வந்தன. விளையாடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு அந்தக் கற்பனை நாட்டுக்குள் இறங்க வேண்டும். விரும்பிய இடத்துக்குப் போகலாம், விரும்பியவரோடு கதைக்கலாம், விரும்பிய பக்கம் சேரலாம். ஊரில் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். இங்கே பார்க்க வந்தவரே வேசம் கட்டி ஆட வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு பாகம் வந்த பிறகு, அதே உலகத்தில் புதுத் தீவு, புதுக் கதை என்று மேலதிகப் பகுதிகளும் வரும். எக்ஸ்பான்ஷன் என்பார்கள். பாரதத்துக்குள்ளே நளன் கதை வருகிறதல்லவா, அந்த மாதிரிக் கிளைக்கதை.

சரி, இதில் எங்களுக்கு என்ன இருக்கிறது? சொல்லுகிறேன்.

ஸ்கைரிமில் வின்ட்ஹெல்ம் என்று ஒரு பழைய நகரம் வருகிறது. அங்கே டன்மர் என்ற சாம்பல் நிறத் தோல் கொண்ட மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய சொந்த நாடு மொரோவின்ட். அங்கே எரிமலை வெடித்து ஊர்கள் அழிந்தபோது உயிர் தப்பி ஓடி வந்தவர்கள். அதாவது அகதிகள். அவர்களுக்குக் கொடுத்த இடம் நகரத்தின் ஒரு மூலையில் இருக்கும் நெருக்கமான சேரி. முன்பு அந்தப் பகுதிக்குப் பனியின் பெயர் இருந்தது. இவர்கள் வந்த பிறகு கிரே குவாட்டர், சாம்பல் குடியிருப்பு என்று பெயர் மாறிவிட்டது. பல்லி உருவம் கொண்ட இன்னொரு மக்களுக்கு மதிலுக்கு உள்ளே வரவே அனுமதி இல்லை. துறைமுகத்தில் குறைந்த கூலிக்கு மூட்டை தூக்குகிறார்கள். கதைக் கணக்கில் எரிமலை வெடித்துக் கிட்டத்தட்ட 200 வருடம். இன்னமும் டன்மர் அங்கே வந்தேறிகள்தான்.

நகர வாசலுக்குள் நுழைந்த உடனேயே, ஊர்க்காரர் இருவர் ஒரு டன்மர் பெண்ணை மறித்து, நீங்கள் எல்லாம் எதிரியின் உளவாளிகள் என்று ஏசுகிறார்கள். அவர்கள் போன பிறகு அந்தப் பெண், புதிதாக வந்த எங்களைத் திரும்பிப் பார்த்து, நீயும் எங்களை வெறுக்கிற ஆளோ என்று கேட்கிறாள். பதில் சொல்ல வேண்டியது விளையாடுகிற பிள்ளை.

இந்த நகரத்தின் தலைவன் பெயர் உல்ஃப்ரிக். தங்கள் கடவுளை வணங்கத் தடைபோட்ட பேரரசுக்கு எதிராக ஆயுதம் தூக்கியவன். அவன் பக்கமா, பேரரசின் பக்கமா என்பதுதான் 2011ல் இருந்து உலகம் முழுக்க ரசிகர்கள் அடிபடுகிற விசயம். எங்கள் வகுப்பிலும் இரண்டு கட்சி. "தன்ர மண்ணுக்குப் போராடுறவன், அவன்ர பக்கம்தான் நியாயம்" என்றான் ஒரு பொடியன். உடனே ஒரு பிள்ளை கேட்டாள், "தன்ர ஊரிலேயே அகதியை மூலைக்குள்ள வைச்சிருக்கிறவன் கேக்கிற விடுதலை ஆருக்கு?" பிறகு என்னைப் பார்த்து, "ரீச்சர், எங்கட போராட்டத்திலயும் இப்பிடி ஏதும் நடந்ததோ?" என்றாள்.

நடந்தது என்று சொன்னேன். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் பல்லாயிரக்கணக்கில், கையில் கொண்டு போகக் கூடியதை மட்டும் கொண்டு, வெளியேற்றப்பட்டார்கள். வெளியேற்றியது எங்கள் பெயரில் போராடியவர்கள். இதைச் சொல்லுவதால் எங்கள் மக்கள் பட்ட துன்பம் குறைந்துவிடாது. எங்கள் உரிமைக் கோரிக்கையும் பிழையாகிவிடாது. ஆனால் சொல்லாமல் விட்டால், பிள்ளை வேறெங்கோ அறிந்துகொள்ளும். அதன் பிறகு நாங்கள் சொல்லும் உண்மைகளையும் நம்பாது.

விளையாட்டும் டன்மரை உத்தமர்களாகக் காட்டவில்லை. 2002ல் வந்த மொரோவின்டில் அவர்கள் சொந்த நாட்டில் வாழ்கிறார்கள். பல்லி மக்களை அடிமைகளாகவும் வைத்திருக்கிறார்கள். துன்பப்பட்டவன் என்பதற்காக ஒருவன் பிழையே செய்யாதவன் ஆகிவிடமாட்டான். பிழை செய்த இனம் என்பதற்காக அதன் பிள்ளைகளைச் சேரிக்குள் அடைக்கவும் கூடாது. இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்திருப்பது பெரியவர்களுக்கே கஷ்டம்.

2012 டிசம்பரில் வந்த கிளைக்கதைக்கு டிராகன்போர்ன் என்று பெயர். அதில் சோல்ஸ்தைம் என்ற தீவுக்குப் போகிறோம். 2003ல் மொரோவின்டின் கிளைக்கதையில் வந்த அதே தீவுதான். இப்போது அது டன்மருக்குப் புகலிடம். கரையில் நின்றால் கடலுக்கு அப்பால் அந்த எரிமலை புகைந்துகொண்டிருப்பது தெரியும். மொரோவின்டின் பழைய இசையும் கேட்கும். முன்பு அந்த நாட்டில் நடந்து திரிந்த ரசிகர்கள் அதைப் பார்த்துக் கலங்கியிருக்கிறார்கள். இராமேஸ்வரக் கரையில், மண்டபம் முகாமில் இருந்து வந்தவர்கள் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இனி எங்கள் மெல்பேர்னுக்கு வருவோம். இங்கே சட்டத்தரணியாக வேலை செய்த நிக் பியர்ஸ் என்பவர், ஓய்வு நேரத்தில் 1,700 மணித்தியாலத்துக்கு மேல் செலவழித்து, ஸ்கைரிமுக்குள் தானே ஒரு கிளைக்கதையைக் கட்டினார். பெயர் 'மறக்கப்பட்ட நகரம்'. 2015ல் இலவசமாக வெளியிட்டார். 2016ல் அதற்கு அவுஸ்திரேலிய எழுத்தாளர் கில்டின் விருது கிடைத்தது. பிறகு சட்டத் தொழிலை விட்டு, சிறிய குழு ஒன்றோடு அதை ரோமர் காலத்து நகரமாக மாற்றி, 2021 யூலையில் தனி விளையாட்டாகவே கொண்டுவந்தார். சட்டத்தரணி வேலையை விட்டாரோ என்று முன்வரிசையில் யாரோ பெருமூச்சு விடுவது கேட்கிறது!

நான் சொல்ல வந்தது அந்த நகரத்தின் சட்டத்தை. ஒருவர் குற்றம் செய்தால் நகரத்தில் எல்லோருக்கும் மரணம். அங்கே அகப்பட்டவர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகித்தபடி வாழ்கிறார்கள்.

இந்தச் சட்டம் எங்களுக்குப் புதிதா? 1983 யூலை 23 இரவு திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். அடுத்த நாட்களில் கொழும்பில் வீடும் கடையும் எரிக்கப்பட்டு உயிர் இழந்த தமிழர்களுக்கும் அந்தத் தாக்குதலுக்கும் என்ன தொடர்பு? பிறகு வந்த சுற்றிவளைப்புகளில் ஊரோடு வெயிலில் இருத்தி, தலையாட்டிக்கு முன்னால் வரிசையாக நடக்கவிட்டதும் இதே சட்டம்தான். எங்கள் பிள்ளைகள் மெல்பேர்னிலும் சிட்னியிலும் திரையில் இந்தச் சட்டத்தை உடைக்க வழி தேடுகிறார்கள். அதற்குள்ளேயே வாழ்ந்தவர் பக்கத்து அறையில் ரி.வி. பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பெற்றோர்களே, மூன்று விசயம் கேட்கிறேன். முதலாவது, வயதைப் பாருங்கள். ஸ்கைரிமுக்கு இந்த நாட்டில் எம்.ஏ. 15 பிளஸ் தரம் கொடுத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்க வேண்டாம். இரண்டாவது, கிழமைக்கு ஒருநாள் அரை மணித்தியாலம் பக்கத்தில் இருந்து, "நீ எந்தப் பக்கம்? ஏன்?" என்று கேளுங்கள். மூன்றாவது, அவர்கள் உங்களிடம் திருப்பிக் கேட்டால் மழுப்ப வேண்டாம்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று. மற்றவரின் கதைக்குள் ஒரு மெல்பேர்ன்காரர் தன் கதையைக் கட்டினார். உங்கள் அம்மம்மாவிடமும் ஒரு நகரத்தின் கதை இருக்கிறது. அவ இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.