கியர்ப்பெட்டி புகட்டிய பாடம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இம்மேடையில் நமக்கு முன் பேசியவர்கள் இலக்கியத்தையும் இசையையும் எடுத்துக்கொண்டு செவிக்கு விருந்து படைத்தார்கள். நாமோ பத்தாம் வகுப்புத் தேறி, கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாகக் கோப்புகளோடு குடித்தனம் நடத்தி வருகிறோம். "உங்களுக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேசுங்கள், போதும்" என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். அண்மையில் நாம் தெரிந்துகொண்டது ஒன்றே ஒன்று. அது, நம் குடும்பத்தைப் படாத பாடு படுத்திய ஒரு கியர்ப்பெட்டி. அதனையே இன்று பேசத் துணிந்தோம். அவையோர் பொறுத்தருள வேண்டும்.

சென்னையில் இருக்கும் நம் தங்கை மகனுக்குக் காரோட்டப் பந்தயத்தில் தீராத மோகம். தமிழ்நாட்டில் இம்மோகம் புதிதன்று. உலகப் போரின்போது அமைந்த சோழவரம் விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடந்தன. 1990இல் திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிலையான பந்தயப் பாதை திறக்கப்பட்டது. கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவர்தன் அவர்கள் மாருதி எஞ்சினைக்கொண்டு சிறிய பந்தயக் கார்களைக் கட்டி, சாமானியர் வீட்டுப் பிள்ளைகளும் பந்தயத்தில் இறங்க வழி செய்தார்கள். அதே ஊர்க்காரரான நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். இப்பெயர்களைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, பழைய சிறு கார் ஒன்றை வாங்கி, பின்னிருக்கைகளைக் கழற்றி, இரும்புக் குழாய்க் கூடு பொருத்தி, இருங்காட்டுக்கோட்டையில் ஓட்டத் தொடங்கினான்.

ஓராண்டிற்குள் அதன் கியர்ப்பெட்டி முனகத் தொடங்கியது. மூன்றாம் கியரிலிருந்து இரண்டிற்கு இறக்குந்தோறும் பல்லைக் கடிப்பதுபோன்ற ஓசை. சில வேளைகளில் வளைவின் நடுவே கியர் தானாகவே நழுவி விடும். அவன் சென்ற பட்டறையில் "பெட்டி தேய்ந்துவிட்டது, மாற்றியே தீரவேண்டும்" என்றார்கள். நம் தங்கை தன் கைவளையல் இரண்டை அடகு வைத்துப் பணம் கொடுத்தாள். பெட்டி மாறியது. நான்கே மாதங்களில் புதிய பெட்டியும் அதே கியரில், அதே ஓசையோடு பல்லைக் கடித்தது. "அண்ணா, இனி இந்தக் கார் இருக்கவேண்டும், இல்லையேல் நான் இருக்கவேண்டும்" என்று தங்கை தொலைபேசியில் அழுதாள். அவள் கட்டிலில் படுத்தும், பிள்ளை கொட்டகையில் படுத்தும் நாட்களைக் கழித்தனர்; இருவருக்கும் பேச்சு நின்றது.

பிள்ளை நம்மை வேண்டிக்கொண்டது ஒன்றே: "மாமா, கொல்கத்தாவில் மல்லிக் பஜாரில் கிடைக்காத உதிரி உறுப்பு இல்லையாமே, ஒரு நல்ல பெட்டியாகப் பார்த்து வாங்கி அனுப்புங்கள்." பூஜையை ஒட்டிக் கிடைத்த போனஸ் தொகை கையில் இருந்தது. ஆயினும் கியர்ப்பெட்டிக்கும் பிஸ்கட் பெட்டிக்கும் வேற்றுமை அறியாத நாம் தனியே போவது எங்ஙனம்? நம் சங்கத்துப் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்தோம். அவர் பெயரைச் சொல்லவேண்டாம் என்று நம்மிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார், சொல்லோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளம் வயதிலேயே இங்கு வந்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அம்பாசிடர் டாக்சிகளின் அடியிலேயே வாழ்நாளைக் கழித்தவர் அவர்.

பெரியவர் கடைக்குப் புறப்படவில்லை. "தம்பி, பெட்டி வாங்குவது கிடக்கட்டும். அது எதனால் தேய்ந்தது என்று பிள்ளை கேட்டானா?" என்றார். பின்பு தொலைபேசியை வாங்கி அவனிடமே மூன்று கேள்விகள் கேட்டார். வடித்த எண்ணெயில் மின்னும் துகள்கள் காந்தத்தில் ஒட்டினவா? எந்தக் கியரில் ஓசை? எஞ்சின் மெல்ல ஓடும்போது கிளட்சை முழுக்க மிதித்து, ஐந்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் கியரைப் போட்டால் உறுமுகிறதா?

இக்கேள்விகளின் பொருளை அவர் நமக்கு விளக்கியவாறே கூறுகிறோம். மின்சார ரயில் எஞ்சினின் மோட்டார் நின்ற நிலையிலேயே பேரிழுவை தரவல்லது. அதற்குக் கியர் மாற்றும் தொல்லை இல்லை. பெட்ரோல் எஞ்சினோ ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில்தான் வலிமை காட்டும். ஆதலின் கியர் மாற்றியே ஆகவேண்டும். மூன்றாம் கியரில் நிமிடத்திற்கு 3,500 சுற்றுச் சுழலும் எஞ்சின், அதே வேகத்தில் இரண்டாம் கியருக்கு இறங்கினால் ஏறக்குறைய 5,000 சுற்றுச் சுழலவேண்டி வரும். வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு பல்வரிசைகளைத் திடுமென இணைத்தால் பல் உடையும். பெட்டித் தொடரோடு எஞ்சினை இணைக்க வரும் ஓட்டுநர் ஊர்ந்து வந்து தொடுவதை ஹௌராவில் நாள்தோறும் காண்கிறோம் அல்லவா? அந்த ஊர்தலைக் கியர்ப்பெட்டிக்குள் செய்வது பித்தளை போன்ற மென்மையான உலோகத்தாலான ஒரு வளையம். அது முதலில் உராய்ந்து, இரு வேகங்களையும் சமப்படுத்தி, அதன்பின்னரே பற்களைச் சேர விடுகிறது. அடியைத் தான் வாங்கிக்கொண்டு பல்லைக் காப்பது அதன் தொழில்.

கிளட்ச் மிதித்தவுடன் எஞ்சின் முற்றிலும் விலகிக் கொண்டால்தான் அவ்வளையத்தின் வேலை எளிது. கிளட்ச் அரைகுறையாக விலகினால், அச்சிறு வளையம் எஞ்சினோடேயே மல்லுக்கட்ட நேரிடும். அப்போது எத்தனை பெட்டி மாற்றினாலும் அத்தனையும் தேயும். காந்தத்தில் ஒட்டாத பொன்னிறத் துகள் வளையத்தின் தேய்மானம். ஒட்டுவது பல்லின் அல்லது பேரிங்கின் தேய்மானம். ரிவர்ஸ் கியருக்கு அநேக கார்களில் அவ்வளையமே இல்லை. ஆகவே ஐந்து எண்ணிய பின்னும் அது உறுமினால் குற்றவாளி பெட்டி அன்று, கிளட்சே.

பிள்ளை சோதித்துப் பார்த்தான். ரிவர்ஸ் உறுமியது. பெட்டியை இறக்கியபோது, கிளட்சைத் தள்ளும் கவைக்கோல் தாங்குமிடத்தில் பாதிக்குமேல் தேய்ந்திருக்கக் கண்டான். முதன்முறை பெட்டி மாற்றியபோது அது கண்ணுக்கு நேரே இருந்தது. பார்த்தவர்தாம் ஒருவரும் இலர்.

அதன்பின்னரே பெரியவர் நம்மோடு மல்லிக் பஜாருக்கு வந்தார். ஒரு பெட்டியின் முகப்பு அச்சைப் பிடித்து ஆட்டினார். ஆட்டம் மிகுதி, தள்ளினார். மற்றொன்றின் எண்ணெயைத் தொட்டு முகர்ந்தார். கருகல் நாற்றம், தள்ளினார். மூன்றாவதை ஒவ்வொரு கியரிலும் கையாலேயே சுழற்றி, உள்ளே எத்தனை சுற்று, வெளியே எத்தனை சுற்று என எண்ணி, பழைய பெட்டியின் கணக்கோடு ஒத்திருப்பதைக் கண்டபின் "இது போதும்" என்றார். எண்ணெயை ஒட்ட வடித்து, சாக்கில் சுற்றி, முப்பது கிலோவுக்கு மேலிருந்த அதனை ஹௌராவில் பார்சலாகப் பதிந்தோம்.

பொருத்தும் முறையையும் தொலைபேசியிலேயே சொல்லிக் கொடுத்தார். கவைக்கோலும், கிளட்சை அழுத்தும் பேரிங்கும் புதியனவாக வேண்டும். எஞ்சினின் பின்புற எண்ணெய் முத்திரை கசிகிறதா என்று அப்போதே பார்க்கவேண்டும். கிளட்ச் தட்டைப் போலி அச்சு ஒன்றால் நடுநிறுத்தியே இறுக்கவேண்டும். பெட்டியின் பாரத்தை அச்சின்மேல் ஒரு கணமும் தொங்கவிடலாகாது, ஜாக்கியே தாங்கவேண்டும். அவ்வண்டிக்கு விதிக்கப்பட்ட தர எண்ணெயையே ஊற்றவேண்டும். உயர்ந்தது என்று வேறு தரத்தை ஊற்றினால் அதிலுள்ள சில சேர்க்கைகள் பித்தளை வளையத்தை அரித்துவிடக் கூடும்.

இவையெல்லாம் முடிந்தபின் ஒரு சொல் சொன்னார்: "தம்பி, இனி உன் காலையும் மாற்று." பழைய அம்பாசிடரின் முதல் கியருக்கு அவ்வளையம் கிடையாது. ஓடும் வண்டியில் அதைப் போட, நடுநிலையில் கிளட்சை விட்டு, எஞ்சினைச் சற்றே முடுக்கி, மறுபடி மிதித்துப் போடவேண்டும். டாக்சி ஓட்டுநர்கள் அறிந்திருந்த அந்த இரட்டைக் கிளட்ச் வித்தையைப் பந்தயக்காரப் பிள்ளைக்கு அவர் கற்பித்தார். ஒரு பருவம் முழுதும் ஓட்டிவிட்டான். பெட்டி ஓசையின்றி இருக்கிறது. கடைசிப் பந்தயத்தில் பதினோராவதாக வந்தான். பரிசில்லை, ஆயினும் அடுத்த மாதச் சம்பளத்தில் வளையல்களை மீட்டுத் தாயின் கையில் தானே அணிவித்தான். இருவரும் பேசிக்கொள்கிறார்கள்.

அன்பர்களே, தேய்ந்ததை மாற்றுவது எளிது. தேய்த்தது எது என்று தேடுவதே அரிது. நம் சங்கத்திலும் ஆண்டுக்கொரு செயலாளரை மாற்றுகிறோம். கூட்டத்திற்கு வருவோர் தொகை மட்டும் மாறக் காணோம். செயலாளர் அவர்கள் சிரிக்கிறார்கள். ஆகவே மேலும் சொல்லத் துணிவு பிறக்கிறது. கவைக்கோல் எங்கே தேய்ந்திருக்கிறது என்று ஒருமுறை ஐந்து எண்ணிப் பார்ப்போமாக.

நிற்க. பதினைந்து ஆண்டு கடந்த வாடகை வண்டிகள் நகரில் ஓடலாகாது என்று உயர்நீதிமன்றம் 2008இல் ஆணையிட்டது. உத்தரப்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றது. மஞ்சள் டாக்சிகள் குறையக் குறைய, அவற்றை நம்பியிருந்த கைகளுக்கும் வேலை குறைந்தது. பெரியவரின் கொட்டகை மூடிக் கிடக்கிறது. அவர் அறிந்ததோ அம்பாசிடருக்கு மட்டும் உரியதன்று என்பதை நம் குடும்பம் கண்டது. மாதத்தில் ஒரு ஞாயிறு, சங்கக் கட்டடத்தின் பின்முற்றத்தில் நம் பிள்ளைகள் நால்வர் அவரிடம் அமர்ந்து கற்கவேண்டும் என்பதே நம் வேண்டுகோள். பழகுவதற்கு ஒரு பழைய பெட்டி வேண்டுமே என்று எவரும் கவலைப்பட வேண்டா. சென்னையிலிருந்து பிள்ளை திருப்பியனுப்பிய தேய்ந்த பெட்டி நம் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறது.