பிள்ளைகள் ஏன் வெளிநாடு போகிறார்கள்?

(நம் குடியிருப்போர் சங்கத்தின் பொங்கல் சந்திப்பில் பேசியது. செயலாளர் கேட்டதற்காக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)

"ஐந்து நிமிடம் ஏதாவது பேசுங்கள் சார்" என்றார்கள். வங்கிக்காரனிடம் மைக்கைக் கொடுத்தால் டெபாசிட்டைப் பற்றித்தான் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். கடைசியில் அதற்கும் வருகிறேன்.

மாலையில் நம் பெஞ்சில் உட்காருகிறவர்கள் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். ஒருவர் பையன் டெக்சாஸில், ஒருவர் பெண் மெல்போர்னில், இன்னொருவர் மருமகன் சிங்கப்பூரில். ஊரை விட்டுப் போவது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஒரு பயணிகள் கப்பல் ஓடியது. நம் பக்கத்து ஊர்ப் பெயர்தான் அதற்கு, 'சிதம்பரம்'. 1985இல் அதில் தீ விபத்து நடந்து ஓட்டம் நின்றுபோயிற்று. அதில் போனவர்கள் பணத்துக்காகப் போனார்கள். பிறகு துபாய், குவைத் போனவர்களும் அப்படியே. ஆனால் இன்றைக்குப் போகிற கம்ப்யூட்டர் பிள்ளைகள் சிலர் வேறொன்றுக்காகப் போகிறார்கள். அது எனக்குப் புரிய நாளாயிற்று. என் வீட்டுக் கதையாகவே சொல்லிவிடுகிறேன்.

என் மகன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தான். படித்து முடித்ததும் சென்னையில், ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் வேலை. முதல் மாதச் சம்பளத்தில் அவன் அம்மாவுக்குப் புடவையும் எனக்கு வாட்சும் வாங்கி வந்தான். எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். வேலை அமெரிக்க வாடிக்கையாளருக்கு. அங்கே காலை ஒன்பது மணி என்றால் நமக்குக் கோடையில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. அதற்கப்புறம்தான் அவர்களோடு மீட்டிங் ஆரம்பிக்கும். பகலில் இங்குள்ள மேலாளருக்கு வேலை, இரவில் அங்குள்ளவர்களுக்கு வேலை. தீபாவளிக்கு வந்தால்கூட லேப்டாப்பைத் திறந்து மாடி அறையில் உட்கார்ந்திருப்பான். இட்லி ஆறிக்கொண்டிருக்கும்.

2021 கடைசியில் ஒரு நாள், "ஜெர்மனிக்கு முயற்சி பண்றேம்ப்பா" என்றான். சம்பளம் எவ்வளவு கூடும் என்று கேட்டேன். வரி, சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் எல்லாம் சேர்த்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும், வீட்டு வாடகையும் அதிகம், பெரிதாக ஒன்றும் மிஞ்சாது என்றான். அப்புறம் எதற்குப் போகிறாய் என்று கோபமாகவே கேட்டேன். "உழைக்கப் பயந்தா எப்படிடா? எங்க காலத்துல..." என்று ஆரம்பித்தேன்.

அவன் குரலை உயர்த்தவில்லை. "அப்பா, நீங்க தினமும் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீங்க?" என்று கேட்டான்.

எனக்குப் பதில் வரவில்லை. நான் 1982இல் கிளார்க்காகச் சேர்ந்தவன். கிளார்க்குக்கு வேலை நேரம் ஆறரை மணி. கையால் லெட்ஜர் எழுதிய காலம். பேலன்ஸ் ஆகாத நாளில் எட்டு மணியும் ஆகும், ஆண்டுக் கணக்கு முடிக்கிற இரவில் விடிந்தும் விடும். ஆனால் அது ஆண்டில் சில நாள். மற்ற நாளில் ஐந்து மணிக்குப் பேனாவை மூடினால் ஆறு மணிக்குள் செம்மண்டலம். மகனை சைக்கிள் பாரில் உட்கார வைத்துத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப் போனவன் நான். அந்த ஐந்து மணியை எனக்கு முதலாளி தானமாகக் கொடுக்கவில்லை. 1953இன் சாஸ்திரி அவார்டு, 1962இன் தேசாய் அவார்டு, 1966இன் முதல் இருதரப்பு ஒப்பந்தம் என்று எனக்கு முன்னால் வந்த ஊழியர்கள் போராடி வாங்கி வைத்தது. நான் சேர்ந்த அன்றைக்கே அது எனக்காகத் தயாராக இருந்தது. அதை அனுபவித்துவிட்டு, அது இல்லாதவனைப் பார்த்து உழைக்கப் பயப்படுகிறாய் என்று சொல்லியிருக்கிறேன்.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்றுதான் சொல்கிறது. கூடுதல் நேரம் சேர்த்தாலும் நாளுக்குப் பத்து, வாரத்துக்கு ஐம்பத்து நான்கு. ஏட்டில் இருக்கிறது. ஆனால் 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரம் எழுபது மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் தொண்ணூறு என்றார். ஏலம் போடுவதுபோல ஏறிக்கொண்டே போனது. தன் கம்பெனியைத் தானே வளர்க்கிறவர் எத்தனை மணி வேண்டுமானாலும் உழைக்கட்டும், அது அவர் விருப்பம். மாதச் சம்பளக்காரனுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்பது என் கட்சி.

ஜெர்மனியில் நாளுக்கு எட்டு மணி. அவசரத்துக்குப் பத்து வரை போகலாம். ஆனால் ஆறு மாதச் சராசரி எட்டைத் தாண்டக் கூடாது. ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் தொடங்குவதற்குள் பதினொரு மணி நேரம் இடைவெளி. வாரம் ஐந்து நாள் வேலை என்றால் சட்டப்படி குறைந்தது இருபது நாள் விடுப்பு. 2022இல் போன மகன் முதல் மாதமே ஒன்று சொன்னான். இரவு ஒன்பது மணிக்கு ஏதோ பிழையைச் சரிசெய்து மெயில் அனுப்பினானாம். மறுநாள் மேலாளர் கூப்பிட்டு, "இனிமேல் அந்த நேரத்தில் அனுப்பாதே" என்றாராம். பாராட்டுவார் என்று நினைத்தேன் அப்பா என்று சிரித்தான்.

அதற்காக எல்லாரும் மூட்டை கட்டுங்கள் என்று சொல்ல வரவில்லை. நாடு நாடாகப் பார்க்க வேண்டும். அமெரிக்காவுக்கு எச்-1பி விசா ஆண்டுக்கு 85,000 தான், அதுவும் குலுக்கல். 2025 செப்டம்பரில் புதிய விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார்கள். உள்ளே போய்விட்டாலும் வேலை போனால் பொதுவாக அறுபது நாள்தான் அவகாசம். வேலை வழி கிரீன் கார்டு உலகத்துக்கே ஆண்டுக்குச் சுமார் 1,40,000. அதில் ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதம் என்று வரம்பு. நம் பிள்ளைகளின் வரிசை எவ்வளவு நீளம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். விசா வேலையோடு கட்டப்பட்டிருந்தால் அங்கேயும் இரவு பத்து மணிக்கு லேப்டாப்பைத் திறக்கத்தான் வேண்டியிருக்கும். டாலரில் வாங்கும் சம்பளம் பயத்தைக் குறைப்பதில்லை. ஜெர்மனியிலோ புளூ கார்டில் போனவருக்கு 27 மாதத்தில் நிரந்தரக் குடியுரிமம் கிடைக்கலாம். மொழியை நன்றாகக் கற்றால் 21 மாதம். ஆனால் மொழி தெரியாமல் போனால் டாக்டரிடம் வயிற்று வலியைச் சொல்லவே திண்டாட வேண்டும். என் மகன் முதல் குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டிவிடுகிற ஊரில் தனியாக உட்கார்ந்திருந்தான். அந்த மாதங்களில் அவன் பேச்சைக் கேட்டு, திரும்பி வரச் சொல்லலாமா என்று நானும் அவன் அம்மாவும் இரவெல்லாம் பேசியிருக்கிறோம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஜோஹோவின் ஸ்ரீதர் வேம்பு அமெரிக்காவில் இருந்து வந்து தென்காசி பக்கம் மத்தளம்பாறை என்ற கிராமத்தில் இருந்தே வேலை பார்க்கிறார். கடலூரிலும் அப்படி நாலு கம்பெனி வந்தால், அவற்றில் மாலை ஆறு மணிக்கு விளக்கை அணைத்தால், எத்தனை பிள்ளைகள் போவார்கள் என்று யோசிக்கிறேன்.

நம் பாடு என்ன? தானே புயலின்போதும் 2015 வெள்ளத்தின்போதும் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள். இனி ஒரு புயல் வந்தால் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவதும் நாம்தான், மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் தூக்குவதும் நாம்தான். போன ஐப்பசியில் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்தபோது ஓடி வந்தது எதிர்வீட்டுத் தம்பி. மகனுக்கு மறுநாள்தான் சொன்னோம். ஏன் உடனே சொல்லவில்லை என்று அழுதான். சொன்னால் அங்கிருந்து என்ன செய்வாய் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. 2024 மார்ச் முதல் அங்கே வேலை அனுமதி பெறுகிறவர்கள் பெற்றோரை அழைத்துக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள். மருத்துவக் காப்பீடு போன்ற நிபந்தனைகள் உண்டு. என் மகன் அதற்கு முன்பே போனவன். அழைத்தாலும் நான் போவேனா என்பது வேறு விஷயம். கெடிலத்தைத் தாண்டினாலே எனக்குத் தூக்கம் வராது.

இப்போது வங்கி விஷயம். பிள்ளை வேலைக்கு வெளிநாடு போனதும் இங்குள்ள சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். பாதிப் பேர் மாற்றுவதில்லை. அங்கே சம்பாதித்ததை அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு, அதன் வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை. என்.ஆர்.ஓ. வட்டியில் 30 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடுவார்கள். பழைய பி.பி.எஃப். கணக்கை முதிர்வு வரை தொடரலாம், புதிதாகத் தொடங்க முடியாது. வீட்டு வரி, வங்கி, பத்திரம் ஆகியவற்றுக்குப் பிள்ளையிடமிருந்து பவர் வாங்குவதானால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்பச் சொல்லுங்கள். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும். முக்கியமாக, உங்கள் கணக்கு எல்லாவற்றிலும் நாமினி போட்டிருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். நான் கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில், கணவர் போன பிறகு பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வந்து நின்ற அம்மாக்கள் பலர். பிள்ளை எங்கோ இருப்பான், நாமினி இடம் காலியாக இருக்கும். அவர்கள் எத்தனை தடவை நடந்தார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை சங்க அறையில் இருப்பேன். படிவம், பாஸ்புக், கண்ணாடி மூன்றையும் எடுத்து வாருங்கள். மாலையில் மட்டும் கூப்பிடாதீர்கள். ஐந்து மணிக்கு மகன் பேசுவான், அங்கே அது அவன் மதியச் சாப்பாட்டு நேரம்.